தாஜுதீன் சொன்ன கெட்ட யோசனை

தென்னூரில் இருந்த கொள்ளிடம் மோட்டார் சர்வீஸ் என்ற பஸ் கம்பெனியின் ஹெட் கிளார்க் தாஜுதீனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனாவுக்கே கொஞ்சம் பயபக்தி வந்துவிடுகிறது. மலைக்கோட்டையை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் கழுத்து வலியும் மரியாதையும் ஒன்றாக வருமே, அந்த மாதிரி.

குறை சொல்வதில் அவருக்கு நிகராக இன்னொருவர் திருச்சி ஜில்லாவில் பிறந்ததில்லை. ஜில்லாவில் குறை சொல்கிறவர்களுக்குப் பஞ்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வெயிலில் அது தானாக வரும். ஆனால் மற்றவர்கள் நடந்து முடிந்ததைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாஜுதீன் இனிமேல் நடக்கப்போவதைக் குறை சொன்னார். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முடியாது.

பள்ளிக்கூடத்திலேயே அறிகுறி தெரிந்துவிட்டது. ஒரு தொட்டியில் ஒரு குழாய் தண்ணீரை நிரப்புகிறது, இன்னொரு குழாய் வெளியேற்றுகிறது, தொட்டி எப்போது நிரம்பும் என்று கணக்கு வாத்தியார் கேட்டார். மற்ற பிள்ளைகள் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது தாஜுதீன் எழுந்து, "கீழ்க்குழாயை யாரு சார் திறந்து வச்சது?" என்று கேட்டார். பிரம்படி விழுந்தது. இன்றைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இதே கேள்வியைக் கேட்பதற்கென்று ஆளைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். தாஜுதீன் சீக்கிரமே பிறந்துவிட்டார், வேறொன்றும் இல்லை.

அவர் கல்யாணத்தன்று பந்தலின் வடக்கு மூலைக் கால் பேண்டுக்காரர்கள் வந்ததும் சாயும் என்று மாமனாரிடம் சொன்னார். மாப்பிள்ளைக்குப் படபடப்பு என்று மாமனார் நினைத்துக்கொண்டார். பேண்டுக்காரர்கள் வந்தார்கள். கால் சாய்ந்தது. பிரியாணிச் சட்டி தப்பியது, சமையற்காரர் தப்பவில்லை. திரைக்குப் பின்னால் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மணப்பெண் ஆரிஃபா, தனியாகப் பேசக் கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இந்தக் கல்யாணத்துல என்னங்க குறை?"

தாஜுதீன் வெகு நேரம் யோசித்தார். "இன்னும் தெரியல" என்றார்.

அவர் வாயிலிருந்து அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை என்பதை ஆரிஃபா பிற்பாடு தெரிந்துகொண்டாள். தென்னூர் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அவளுக்குக் குறை சொல்கிறவர்களைச் சமாளிக்கத் தெரியும். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறத் தெருவில் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். அந்த வீட்டுக் கதவில் என்ன கோளாறு, கிணற்றுக் கயிறு எப்போது அறும் என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாருக்கும் மனப்பாடம்.

ஆபீஸில் அவருடைய ஆயுதம் ஒரே ஒரு சொல்: நடக்காது. அதைச் சொல்வதில் அவர் காட்டிய நயங்களைக் கேட்டவர்கள் பாக்கியசாலிகள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னால் இந்த வாரம் நடக்காது. மாட்டிக்கொண்டு சொன்னால் எப்போதும் நடக்காது. எதுவுமே சொல்லாமல் பேனாவை மூடிவிட்டால் அந்த யோசனையைச் சொன்னவரே நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு சோதனை வந்தது அறுபதாம் வருஷத்துச் சமயபுரம் சித்திரைத் தேரில்.

சித்திரை பிறந்தால் திருச்சியைச் சுற்றி ஊர் ஊராக மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியபிறகு அந்த ஊர்க்காரர் பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ராத்திரி மட்டும் வெளியூரில் தங்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் படுக்க வேண்டும். கம்பெனியின் டிரைவர்கள் எல்லாரும் சுற்றுப்பட்ட ஊர்க்காரர்கள். பஸ்கள் ராத்தங்குவதோ துறையூர், முசிறி, மணப்பாறை என்று தூரத்து ஊர்களில். அந்த வருஷம் தேருக்கு முந்தின நாள் மாலை டிரைவர்கள் பஸ்களைப் பத்திரமாக நிறுத்தி, சாவியைக் கண்டக்டர்களிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, கிடைத்த லாரியில் ஏறி அவரவர் ஊருக்குப் படுக்கப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் பால்குடமும் தீச்சட்டியுமாக வந்து ஏறிய ஜனங்கள் டிரைவர் இல்லாத பஸ்ஸில் உட்கார்ந்து அம்மனைப் பாடிக்கொண்டே இருந்தார்கள். தேர் நிலைக்கு வந்தபிறகும் பாடிக்கொண்டிருந்தார்கள் என்று கேள்வி.

முதலாளி ராசப்பன் லால்குடிப் பக்கத்து விவசாயி. வாழையில் வந்ததைப் பஸ்ஸில் போட்டு, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் மாடி வீடு வாங்கியவர். அவர் பாட்டுக்கு மொட்டை போட்டுக்கொண்டு சமயபுரத்தில் நின்றார், தம்முடைய பஸ் ஒன்றுகூட வரவில்லை. "சாமி காரியத்துல நம்ம பேரு கெட்டுப்போச்சே" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் மானேஜர் சகாயநாதனைச் சென்னைக்கு நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்.

சகாயநாதன் பாலக்கரைக்காரர், பி.ஏ. படித்தவர், எதையும் நம்புகிற நல்ல மனசு. சென்னையிலிருந்து இரண்டு பொருள்களோடு திரும்பினார். ஒன்று, ஒரு பெட்டி நிறைய அட்டை. கெட்டியான அட்டை; நான்கு ஓரத்திலும் வரிசையாகத் துளை. ஒவ்வொரு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓர் அட்டை. துளைக்கு ஒரு பொருள் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துளை என்றால் மலைப்பாதை ஓட்டத் தெரிந்தவர், அந்தத் துளை என்றால் கண்ணாடி போட்டவர். அது ஒருவருக்குப் பொருந்தினால் அவர் அட்டையில் அந்தத் துளையை ஓரம் வரைக்கும் வெட்டித் திறந்துவிட வேண்டும். பிறகு எல்லா அட்டைகளையும் அடுக்கி, வேண்டிய துளை வழியாக ஒரு நீள ஊசியைச் செருகித் தூக்கினால், வெட்டுப் பட்ட அட்டைகள் மட்டும் கீழே விழும். கண்ணாடி போட்டவர்கள் எல்லாரும் மேஜைமேல் பொலபொலவென்று கிடப்பார்கள். தேடவே வேண்டாம்.

முதல்தடவை அட்டை விழுந்தபோது ஆபீஸே எழுந்து நின்றது. ஸ்ரீரங்கத்துக் கோயில் குடும்பத்தைச் சேர்ந்த கணக்கர் அழகியமணவாளன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அட்டைக் கம்பெனி கொடுத்த பளபளப்பான ஊசியைக் கார்புரேட்டர் அடைப்பு எடுக்க ஷெட்டுக்கு யாரோ கொண்டுபோய்விட்டதால், அதற்கப்புறம் ஒரு குடைக்கம்பிதான் அந்தத் தெய்வீகக் காரியத்தைச் செய்தது. அட்டைக்கும் கம்பிக்கும் புத்தி கிடையாது. எந்தத் துளைக்கு என்ன பொருள் என்று முடிவு செய்கிறவனுக்குத்தான் அது வேண்டும். இன்றைக்கு மென்பொருள் வடிவமைப்பு என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை அன்றைக்குத் தென்னூரில் குடைக்கம்பியால் நடந்தது.

அடுத்த சித்திரைத் தேருக்காகச் சகாயநாதன் முதலில் வைத்த துளை, லீவு கேட்டவர் யார் என்பது. துளைகளை வெட்டி, டிரைவர் அட்டைகளை அடுக்கி, கம்பியைச் செருகித் தூக்கினார். கம்பியில் ஒரே ஓர் அட்டைகூட மிஞ்சவில்லை.

டிரைவர்கள் சார்பில் பார்க்க வந்திருந்த சிறுகனூர் மூக்கன் மேஜையைக் குனிந்து பார்த்தார். "ஒரே குத்துல கம்பெனியே காலியா சார்" என்றார்.

"நடக்காது" என்றார் தாஜுதீன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

ஆகவே சகாயநாதன் சென்னையிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது பொருளை வெளியே எடுத்தார். அது, யோசனைகளை உண்டாக்கும் முறை.

முதலாளி வீட்டு மாடியில் கூட்டம். காவிரிக் காற்று, வாழைக்காய் பஜ்ஜி, ஜமக்காளம். சகாயநாதன் கழுத்தில் கண்டக்டர் விசில் தொங்கியது.

"இந்த அரை மணி நேரம் யாரு என்ன யோசனை வேணும்னாலும் சொல்லலாம். பைத்தியக்காரத்தனமா இருந்தாலும் சரி. யாரும் மட்டம் தட்டக் கூடாது. தட்டினா விசில் அடிப்பேன்."

"டிரைவரை ஸ்டியரிங்கோட சேர்த்துக் கட்டிடலாம்" என்றார் ஷெட் மேஸ்திரி.

விசில் பிளந்தது.

"நான் இன்னும் வாயைத் திறக்கலீங்களே" என்றார் தாஜுதீன்.

"மூஞ்சி சொல்லிடுச்சு பாய்."

அந்த அரை மணி நேரத்தில் தாஜுதீன் பட்ட பாடு சொல்லி முடியாது. தேர்ந்த பாடகரைக் கச்சேரியில் உட்கார வைத்து வாயைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும்? யோசனைகள் ஒவ்வொன்றாக அவர் முன்னால் ஊர்வலம் போயின. ஒவ்வொன்றின் முதுகிலும் ஓட்டை தெரிந்தது. அவர் இரண்டு கைகளாலும் பஜ்ஜித் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் வேறு முறை. ஆளுக்கு ஒன்றாக மாறி, அதன் இடத்திலிருந்து யோசிக்க வேண்டும்.

"ஐயங்கார் சார், நீங்க பஸ்."

அழகியமணவாளன் சற்று நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். "ஆயிட்டேன் ஸ்வாமி."

"இப்ப உங்களுக்கு என்ன தோணுது?"

"ராத்திரி முழுக்க ஊர் தெரியாத இடத்துல தனியா நிக்கறது அடியேனுக்கு ரொம்ப விசாரமா இருக்கு. பிரேக்கும் சித்த தளர்ச்சி."

"நான் என்னங்க சார் ஆவறது?" என்று மூக்கன் கேட்டார்.

"நீங்க பயணி."

"டிக்கெட்டு எடுக்கணுமா?"

மூன்றாவது கூட்டத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு பொருளை நடுவில் வைத்து அதற்கும் பஸ்ஸுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிக்கும் முறை. நடுவில் நுங்கு வைத்தார்கள். உறவு பிடிபடுவதற்குள் முதலாளி சாப்பிட்டுவிட்டதால் அந்த முறையின் மகிமை உலகத்துக்குத் தெரியாமல் போயிற்று.

கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கும்போது ராசப்பன் தாஜுதீனை நிறுத்தினார்.

"பாய், மூணு கூட்டத்துல எல்லாரும் ஏதோ ஒண்ணு சொன்னாங்க. ஐயங்கார் பஸ்ஸாவே ஆயிட்டாரு. நீங்க ஒரு யோசனைகூடச் சொல்லல."

"முதலாளி, எனக்கு வர்றதெல்லாம்..."

"தெரியும். துறையூர் டிப்போவுல ரெண்டே வண்டி. யோசனையே தேவையில்ல. தேருக்குள்ள உங்ககிட்டேர்ந்து ஒரு நல்ல யோசனை வரலன்னா, வைகாசிலேர்ந்து அங்க போயிடுங்க. மானேஜர் சார், உங்க அட்டையும் இந்தத் தடவை உதவலன்னா வெந்நீர் அடுப்புக்குத்தான்."

துறையூரில் காலை முதல் வண்டி கோழி கூவுவதற்கு முன் கிளம்பும். தினமும் வீட்டுக்கு வந்துபோக முடியாது. தாஜுதீன் வீட்டில் சொன்னார். ஆரிஃபா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இங்க ஸ்கூல் இருக்கு" என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."

அவள் குரலில் ஒன்றும் இல்லை. சிவப்புப் பென்சில் மட்டும் ஒரு பிள்ளையின் சரியான விடையைத் தப்பென்று அடித்துவிட்டிருந்தது. தாஜுதீன் அதைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கண்ணுக்கு முன்னால் இருந்த பிழையைச் சுட்டிக்காட்டாமல் இருந்தார்.

அதற்கப்புறம் அவர் யோசனை வரவழைக்க முயன்ற விதத்தை நினைத்தால் நெஞ்சு உருகும். பஸ்ஸாக மாறிப் பார்த்தார். உடனே ஆக்சில் எங்கே உடையும் என்று தெரிந்துவிட்டது. டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு அதற்கும் தேருக்கும் உறவு தேடினார். டம்ளரின் அடியில் ஓட்டை இருப்பதுதான் தெரிந்தது. நல்ல யோசனை ஒன்று எட்டிப்பார்த்ததுமே அதைத் தொலைத்துக்கட்டுகிற காரணங்கள் கூட்டமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டன.

ஒரு சாயங்காலம் சகாயநாதன் வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கும் அட்டைகள்மேல் கவலை. ஆரிஃபா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏதாவது தோணிச்சா பாய்?"

தாஜுதீன் உதட்டைப் பிதுக்கினார்.

"இவருகிட்டப் போய் எப்படி நல்லா நடக்கும்னு கேக்கறீங்களே சார்" என்றாள் ஆரிஃபா. "அது இவருக்குத் தெரிஞ்ச பாடமா? எப்படிக் கெட்டுப்போகும்னு கேளுங்க. தேநீர் ஆறி, மறுபடி போட்டு, அதுவும் ஆறுற வரைக்கும் சொல்லுவாரு."

அவள் சொன்னது கேலி. ஆனால் சகாயநாதன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் விசில் இல்லை.

"இன்னிக்கு எல்லாம் தலைகீழ்" என்றார் சகாயநாதன். "தேரன்னிக்கு நம்ம பஸ் ஒண்ணுகூட ஓடக் கூடாது. கம்பெனி மானம் கப்பலேறணும். அதுக்கு என்ன பண்ணலாம்? மோசமான யோசனைதான் வேணும். நல்லது சொன்னா வெளியே அனுப்பிடுவேன். பாய், ஆரம்பிங்க."

தாஜுதீன் மெதுவாகக் கண்ணாடியைத் துடைத்தார். மாட்டிக்கொண்டார். பிறகு நடந்ததை அந்த மாடியில் இருந்தவர்கள் தங்கள் பேரப்பிள்ளைகள் வரைக்கும் சொன்னார்கள்.

"முதல்ல, எல்லாருக்கும் லீவு கொடுத்துடணும். கொடுக்காட்டி இன்னும் நல்லது. வர்றேன்னு சொல்லிட்டு வரமாட்டாங்க. டீசலை முந்தின நாள் போடக் கூடாது, அன்னிக்குக் காலைல பங்க்குல வரிசையில நிக்கணும். சில்லறை கொடுக்காம கண்டக்டரை அனுப்பணும். ரோடெல்லாம் சேர்ற டோல்கேட்டுல எல்லா வண்டியும் ஒரே நேரத்துல வந்து மோதிக்கிற மாதிரி டைம் போடணும். சிறுகனூர் டிரைவரை மணப்பாறைக்கும் மணப்பாறை டிரைவரை லால்குடிக்கும் அனுப்பி, வழியில எந்த ஸ்டாப்புன்னு தெரியாம ஆக்கணும்..."

மேஸ்திரி பஜ்ஜியைக் கடித்தபடியே நின்றுவிட்டார். தாஜுதீன் நிறுத்தவில்லை. நாசத்தின் மூலை முடுக்கெல்லாம் அவருக்குச் சொந்தத் தெருவாக இருந்தது. டயர், பர்மிட், போலீஸ்காரர், மொட்டை போட்ட பயணிகளை வீட்டாரே அடையாளம் தெரியாமல் விட்டுப்போவது, எதுவும் பாக்கியில்லை. மலையேறி வந்தவர் உச்சியிலிருந்து பார்ப்பதுபோல் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். சகாயநாதன் எழுதி எழுதிக் கை ஓய்ந்தார். கடைசியில் தாஜுதீன், வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்த வெறுப்பையெல்லாம் ஒன்றுதிரட்டி, உலகத்திலேயே மோசமான யோசனையைச் சொன்னார்.

"இவ்வளவு சிரமம் எதுக்கு? ஒவ்வொரு டிரைவரும் பஸ்ஸை ஓட்டிக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்கே போய்ப் படுத்துக்கட்டும். கம்பெனி அன்னியோட காலி."

எல்லாரும் சிரித்தார்கள். மூக்கன் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு லீவு எதுக்குங்க?" என்றார். "வீட்டுல உக்காந்து நான் என்ன பண்ணப்போறேன்? ராத்திரி ஊருல படுக்கணும். அவ்வளவுதான். பஸ்ஸு எங்கூட வந்தா வரட்டுமே."

சிரிப்பு அடங்கிவிட்டது.

"காலைல அந்த ஊர்லதானே ஜனமும் கிளம்பும்" என்றார் ராசப்பன், தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிற மாதிரி. "பால்குடத்தோட."

"எம்பெருமானே" என்றார் அழகியமணவாளன். "பஸ்ஸுக்கும் தனியா நிக்கற விசாரம் இல்லை."

சகாயநாதன் அட்டைப் பெட்டியை இழுத்தார். லீவு என்ற துளையைக் கைவிட்டார். அதற்குப் பதில் ஒவ்வொரு துளையும் ஒரு ரோடு: லால்குடி ரோடு, துறையூர் ரோடு, முசிறி ரோடு, மணப்பாறை ரோடு. டிரைவர் படுத்துத் தூங்குகிற ஊர் எந்த ரோட்டில் இருக்கிறதோ அந்தத் துளை. கம்பியைச் செருகித் தூக்கினார். லால்குடி ரோட்டுக்காரர்கள் ஒரு கொத்தாக விழுந்தார்கள். அடுத்த துளை. முசிறி ரோட்டுக்காரர்கள். அன்றைக்கு ஒட்டுமொத்தமாகக் காலியான அதே அட்டைகள், கேள்வியை மாற்றியதும் ஊர் ஊராகப் பிரிந்து ஜமக்காளத்தின்மேல் திருச்சி ஜில்லாவின் வரைபடமாகவே படுத்துவிட்டன. அட்டை அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். எல்லாரும் ஜமக்காளத்தைச் சுற்றிக் குனிந்தார்கள். அந்த மாதிரிச் சமயங்களில் மனிதனுக்கு வாயைவிடக் கண்தான் வேலை செய்யும்.

பேசினது தாஜுதீன்தான்.

"நடக்காது."

"பாய், இது உங்க யோசனை" என்றார் சகாயநாதன்.

"அதனாலதான் சொல்றேன். கெட்ட யோசனைன்னுதானே சொன்னேன்? டிரைவர் ஊர்ல போய்க் குடிச்சுட்டுப் படுத்துட்டா?"

"காப்புக் கட்டினவன் குடிப்பானா பாய்?" மூக்கன் புண்பட்டுப் போனார். "வருஷத்துல நாங்க யோக்கியமா இருக்கறதே அந்தப் பத்துப் பதினஞ்சு நாள்தான்."

"சொந்த ஊர்க்காரங்க டிக்கெட் எடுக்கமாட்டாங்க. எங்க பயலோட பஸ்ஸுன்னு சும்மா ஏறிக்குவாங்க."

தாஜுதீனே தொடர்ந்தார், தம் யோசனைக்கு எதிராக வாதாடுகிற வேகத்தில். "கண்டக்டரும் அந்த ஊர்க்காரனா இருந்தா அத்தை மாமான்னு விட்டுடுவான். வெளியூர்க்காரனா இருந்தா அவனுக்கும் காப்பு இருக்கும், அவன் அங்க தங்கமாட்டான். காப்பே இல்லாத ஆளாப் பார்த்தாத்தான்..." என்றவர் பாதியில் நின்றார். இரண்டாவது துளையைத் தாமே கண்டுபிடித்துவிட்டதை உணர்ந்து, குற்றம் செய்தவர்போல் பேனாவை மூடினார்.

கம்பி மறுபடி ஏறி இறங்கியது. காப்புக் கட்டாத வீட்டுக் கண்டக்டர்கள் விழுந்தார்கள்: தென்னூர் முஸ்லிம்கள், பாலக்கரைக் கிறிஸ்தவர்கள், ஸ்ரீரங்கத்திலிருந்து சிலர். அட்டைக்கு அட்டை ஜோடி சேர்த்தார்கள். கடைசியில் மூக்கன் அட்டை மட்டும் ஜோடியில்லாமல் கிடந்தது.

"ஒரு ஆள் குறையுது" என்றார் சகாயநாதன்.

எல்லாரும் தாஜுதீனைப் பார்த்தார்கள். அவருக்கு ஓர் அட்டையை எழுதி, வெட்ட வேண்டியதை வெட்டி, குடைக்கம்பியில் கோத்துத் தூக்கினார் சகாயநாதன். அது மற்ற அட்டைகளைவிடச் சற்றுத் தயங்கித்தான் விழுந்தது என்று மூக்கன் கடைசிவரை சாதித்தார்.

தேருக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது பஸ் சிறுகனூருக்குள் நுழைந்தது. தோளில் தோல் பை, வாயில் விசில், முகத்தில் சந்தேகத்துடன் தாஜுதீன் இறங்கினார். வாழ்க்கையில் அவர் இப்படி ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டதே இல்லை. நாளைக்கு இது கெட்டால் துறையூர். நன்றாக நடந்தால், அவர் இத்தனை வருஷம் சொன்ன அத்தனை 'நடக்காது'களுக்கும் என்ன மரியாதை? வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் தம் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். சிறுகனூர்ப் பெண்கள் பஸ்ஸுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, முகப்பில் வேப்பிலை கட்டினார்கள். ரேடியேட்டர் மூச்சு முட்டும் என்று தாஜுதீன் சொன்னார். உடனே கட்டை அவிழ்த்துப் பக்கவாட்டில் கட்டினார்கள். ஒரு ஊரே தாம் சொன்ன குறையைக் கேட்டுத் திருத்திக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

காலையில் இருட்டு பிரியும்போதே பஸ் நிறைந்துவிட்டது. மஞ்சள் சேலை, பால்குடம், கரும்புத் தொட்டிலில் குழந்தை. தாஜுதீன் டிக்கெட் புத்தகத்தை எடுத்தார். முன்சீட்டில் இருந்த பெரியவர் சிரித்தார்.

"நம்ம மூக்கன் வண்டி பாய். எங்க ஊர்ல படுத்து எந்திரிச்ச வண்டி. இதுக்கு டிக்கெட்டா?"

பஸ் முழுக்க அந்தச் சிரிப்பு பரவியது. மூக்கன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி கழுத்தைச் சுருக்கிக்கொண்டார். பின்சீட்டில் அவர் மாமியார் இருந்தாள். தாஜுதீன் முன்கூட்டியே பார்த்த அதே ஓட்டை, அதே இடத்தில். இதோ, ஜெயித்துவிட்டார். ஒரு கணம் அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் வந்து போனது. அப்புறம் தென்னூரில் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறவள் ஞாபகம் வந்தது.

அவர் டிக்கெட் புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரிங்க ஐயா, சும்மாவே வாங்க. ஒரே ஒரு குறைதான், சொல்லிடறேன். வண்டி முதலாளியோடது. அவரு செலவுல நீங்க போய் வேண்டுதலை நிறைவேத்தினா, அது உங்க கணக்குல சேருமா அவரு கணக்குல சேருமான்னு எனக்குத் தெரியாது. நான் வேற மார்க்கம். உங்களுக்குத்தான் தெரியும். பால்குடம் நீங்க சுமந்து, பலன் ஸ்ரீரங்கத்துக்குப் போச்சுன்னா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

கரும்புத் தொட்டில்காரி முதலில் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அப்புறம் சுருக்குப் பைகள், மடிகள், வேட்டி மடிப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தன. பெரியவர் தமக்கு மட்டுமில்லாமல், பின்னால் வருகிற தம்முடைய ஆட்டுக்கும் டிக்கெட் கேட்டார். தாஜுதீன் இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது.

சமயபுரத்தில் அவர் இறங்கிப் பார்த்தபோது வெயில் ஏறவில்லை. லால்குடிப் பக்கமிருந்து ஒரு பஸ், வேப்பிலையோடு. டோல்கேட் பக்கமிருந்து இரண்டு, வேப்பிலையோடு. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. பாதி ஜில்லா ஒவ்வொரு ஊராகக் கழன்று பஸ்ஸில் ஏறி அந்த மைதானத்துக்கு வருவதுபோல் இருந்தது. எங்கோ ஒரு டிரைவர் வீட்டு மாட்டுத்தொழுவத்துப் பக்கத்தில் தூங்கி எழுந்த வண்டிகள். தாஜுதீன் தூசியில் நின்று பார்த்தார். இந்த ஊர்வலம் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாடியில் தம் வாயிலிருந்து வெறும் எரிச்சலாக வெளியே வந்தது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. நாமும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் பஸ்கள் வந்தன.

புது மொட்டையில் சந்தனத்தோடு ராசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பாய்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டார்.

"பூவாளூர் வண்டி இன்னும் வரல" என்றார் தாஜுதீன். "பஞ்சராயிருக்கும். அந்த ஊருக்கு ஸ்டெப்னி போதாதுன்னு நான் நேத்தே நினைச்சேன். திரும்பிப் போறப்ப எல்லாரும் ஒரே நேரத்துல ஏறுவாங்க, அதுக்கு நாம ஒண்ணும் யோசிக்கல. ஆட்டுக்கு என்ன டிக்கெட்டுன்னு ரேட்டு இல்ல. மொட்டை போட்டபிறகு யாரு எந்த ஊர்னு கண்டுபிடிக்க முடியல..."

சகாயநாதன் எங்கிருந்தோ வந்து, பழைய டிக்கெட் கட்டைகளின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தார். ராசப்பன் முழுக்கக் கேட்டார். கடைசியில், "துறையூருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். "நீங்க இங்கயே இருந்து இதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருங்க."

அன்று சாயங்காலம் தாஜுதீன் வீட்டுக்குள் நுழைந்தபோது சட்டைக் காலரில் வேப்பிலை ஒட்டியிருந்தது. கூடத்தில் டிரங்க் பெட்டி திறந்திருந்தது. உள்ளே அவருடைய சட்டைகள், லுங்கி, சோப்பு, ஒரு சீசா ஊறுகாய். அவர் சிறுகனூருக்குப் போன பொழுதில் ஆரிஃபா எடுத்து வைத்திருக்கிறாள்.

"எப்பக் கிளம்பணும்?" என்று கேட்டாள், பெட்டியைப் பார்த்தபடி.

"போகல."

அவள் உட்கார்ந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மடியில் அடுக்க ஆரம்பித்தாள். தாஜுதீன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி மடிச்சா காலர் நசுங்கும்" என்றார்.

ஆரிஃபா ஒரு சட்டையை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மிகுந்த கவனத்தோடு மடித்து நீட்டினார். காலர் நசுங்கித்தான் இருந்தது. அவள் அதை அப்படியே வாங்கி அடுக்கின்மேல் வைத்தாள்.